கோடை வெயிலும் கண்ணாடித் தொட்டி மீன்களும்



சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிற்கொடுமையிலிருந்து நாம் எத்தனையோ வழிகளால் தப்பிக் கொள்கிறோம். கிணற்றடியில் நீராடுகிறோம், மண்பானைத் தண்ணீரை அருந்துகிறோம், வேப்பமர நிழலை நாடுகிறோம். குளத்து மீனும் வெயில் ஏற ஏற ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆற்று மீன் கரையோர நிழலில் ஒதுங்கிவிடும். ஆனால், நம் வீட்டு விறாந்தையில் நாமே கண்ணாடிக்குள் அடைத்து வைத்திருக்கும் மீன் எங்கே செல்லும்? அதற்கு ஆழமும் இல்லை, கரையும் இல்லை. அதன் வெயிலுக்கும் நிழலுக்கும் நாமே பொறுப்பாளிகள். அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதையே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன்.

முதலில் என் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் அதிபராக இருந்த பாடசாலையில், அலுவலக வாயிலருகே 40 லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியொன்று இருந்தது. அதில் ஐந்து பொன்மீன்கள். ஆறாந்தர மாணவர்கள் முறைவைத்து அவற்றைப் பராமரித்து வந்தார்கள். வைகாசி மாதத்து நண்பகலொன்றில் ஒரு சிறுமி ஓடிவந்து, “சேர், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது” என்றாள். சென்று பார்த்தேன். வெப்பமானி 33 பாகை செல்சியஸ் காட்டியது. உடனே அருகிலிருந்த கடையில் இரண்டு கிலோகிராம் பனிக்கட்டி வாங்குவித்துத் தொட்டிக்குள் இட்டேன். சிறிது நேரத்தில் நீர் 27 பாகைக்கு இறங்கியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். மாலை மணி அடிக்குமுன் இரண்டு மீன்கள் மிதந்தன. மறுநாட் காலையில் மற்றொன்று.

“தண்ணீர் குளிர்ந்தது நல்லதுதானே, சேர்? பிறகு ஏன் செத்தது?” என்று அச்சிறுமி கேட்டாள். கலைப்பட்டதாரியாகிய என்னிடம் அதற்கு விடை இருக்கவில்லை. விஞ்ஞான ஆசிரியரிடமும் நூல்களிலும் தேடிப் பெற்ற விடைதான் இன்றைய பேச்சு.

நேயர்களே, கோடையில் தொட்டி மீனை முதலில் வருத்துவது சூடு மட்டுமன்று, மூச்சுத் திணறலும் ஆகும். நீரில் கரைந்துள்ள ஒட்சிசனையே மீன் பூக்களால் சுவாசிக்கின்றது. காற்றோடு நன்கு கலந்த நன்னீர் ஒரு லீற்றரில், 20 பாகையில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.6 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதே வேளை, வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால் மீனின் உடல் வேண்டி நிற்கும் ஒட்சிசன் ஏறக்குறைய இருமடங்காகும். வரவு குறையச் செலவு ஏறும் குடும்பத்தின் நிலையே தொட்டியின் நிலையும். உண்ணாது விட்ட தீனி அடியில் அழுகுமாயின், பற்றீரியாக்களும் அவ்வொட்சிசனில் பங்கு கேட்கும். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியாவின் நஞ்சும் வெப்பத்துடன் மிகும்.

இனி, எல்லா மீன்களும் ஒரே இயல்பின அல்ல. பொன்மீன் குளிர்ந்த நீருக்குரியது. நமது கோடை அதற்குப் பெருஞ்சோதனை. சண்டை மீனும் கௌராமியும் மேலே வந்து காற்றை நேரே உட்கொள்ளவல்ல உறுப்புடையன. அவை ஓரளவு தாங்கும். “நம் நாட்டு மீனாயின் வெயில் என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கலாம். செரி பாப் என்னும் செந்நிறச் சிறுமீன் இலங்கைக்கே உரியது. கலாநிதி பி. ஈ. பி. தெரணியகல 1929ஆம் ஆண்டில் அதனை அறிவியலுலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆயினும் அதன் தாயகம் தென்மேற்கு ஈரவலயத்தில், மரங்கள் கவிந்த நிழலோடைகள். அதனைக் குடாநாட்டு வெயிலில், தகரக் கூரையின் கீழ் வைத்துவிட்டு, ‘நம் நாட்டு மீன்’ என்று வாளாவிருத்தல் பொருந்தாது.

ஆகவே, செய்யத்தக்கவை யாவை?

முதலாவது, இடம். மேற்கு யன்னலின் அருகிலும், பிற்பகல் வெயில் படும் சுவரோரத்திலும் தொட்டியை வைத்தலாகாது. தொட்டிக்குரிய மின்விளக்கை நண்பகலில் அணைத்துவிடுங்கள். அதுவும் வெப்பந் தருவதே.

இரண்டாவது, காற்று. காற்றுக் குமிழிகளை எழுப்பும் சிறு பம்பியை இரவும் பகலும் இயங்க விடுங்கள். இரவில் நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை உட்கொள்வதால், விடியுமுன்னரே தட்டுப்பாடு மிகுதி. மின்சாரம் தடைப்பட்டால், ஒரு குவளையால் தொட்டி நீரை முகந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள். பழைய வழிதான்; ஆயினும் உயிர்காக்கும் வழி.

மூன்றாவது, ஆவியாதல். மண்பானை நீர் ஏன் குளிர்கின்றது? பானையின் புறத்தே கசியும் நீர், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதனால். அதே தத்துவம் தொட்டிக்கும் உதவும். மூடியை அகற்றி, மீன் துள்ளி விழாதவாறு நுளம்பு வலையால் மூடி, சிறு மின்விசிறியின் காற்று நீர்மட்டத்தின்மேற் படுமாறு வையுங்கள். ஒரு லீற்றர் நீர் ஆவியாகையில் எடுத்துச் செல்லும் வெப்பம், 100 லீற்றர் நீரை ஐந்து பாகைக்கு மேல் தணிக்கப் போதுமானது. வெளியிலிருந்து வெப்பம் மீண்டும் புகுந்துகொண்டே இருப்பதால் அம்முழுப் பயனும் நமக்குக் கிட்டாது. எனினும் இரண்டு மூன்று பாகை தணியும். காற்றில் ஈரப்பதன் மிகுந்த நாட்களில் பயன் குறையும். மின்விசிறி தவறி நீரில் விழாதவாறு உறுதியாக நிறுத்துங்கள். ஈரக்கையால் அதனைத் தொடாதீர்கள்.

ஆவியாகிச் செல்வது தூய நீர் மட்டுமே. உப்புக்கள் தொட்டியிலேயே தங்கிவிடும். சுண்ணக்கற் பூமியாகிய யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் முன்னமே கடினநீர். குறைந்ததை மீண்டும் மீண்டும் அந்நீராலேயே நிரப்பினால் கடினம் ஏறிக்கொண்டே போகும். சுத்தமாகச் சேகரித்த மழைநீர் கிடைப்பின், ஆவியான அளவுக்கு அதனை வார்ப்பது நன்று.

நான்காவது, உணவு. வெப்ப நாட்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஒருநாள் பட்டினி மீனைக் கொல்லாது. மிகுந்த தீனி கொல்லும்.

இறுதியாக, நான் பிழைவிட்ட பனிக்கட்டி. 100 லீற்றர் தொட்டியில் ஒரு கிலோகிராம் பனிக்கட்டி ஏறத்தாழ ஒரு பாகையையே தணிக்கும். 40 லீற்றர் தொட்டியில் நான் இட்ட இரண்டு கிலோகிராமோ நீரைச் சடுதியாக ஆறு பாகை இறக்கிவிட்டது. மூச்சுக்குத் தவித்து நலிந்திருந்த உயிரை அது மேலும் தாக்கிற்று. அப்பனிக்கட்டி எந்த நீரில் உறைந்தது, அதில் குளோரீன் இருந்ததா என்பதையும் நான் கேட்கவில்லை. வேறு வழியில்லாத வேளையில், மூடிய போத்தலில் நீரை உறையவைத்து, அப்போத்தலையே தொட்டியில் மிதக்கவிடுங்கள். வெப்பமானியைப் பார்த்தவண்ணமிருந்து, மணிக்கு ஒரு பாகைக்கு மேல் இறங்காதவாறு போத்தலை எடுத்தும் இட்டும் வாருங்கள்.

அடுத்த ஆண்டு அத்தொட்டியை உள்விறாந்தைக்கு மாற்றினோம். எஞ்சிய இரண்டு பொன்மீன்களுடன் வேறு மீன் சேர்க்கவில்லை. கேள்வி கேட்ட சிறுமி காலையிலும் நண்பகலிலும் வெப்பமானியைப் பார்த்து ஒரு கொப்பியில் குறித்து வந்தாள். வைகாசியில் ஒருநாள், “31 பாகை, சேர். விசிறியைப் போடுவோமா?” என்று கேட்டாள். மீன்கள் அப்போது மேலே வந்திருக்கவில்லை. அவை தவிக்குமுன்னரே அவள் அறிந்துகொண்டாள். அக்கோடையை இரண்டு மீன்களும் கடந்தன.

உங்கள் வீட்டிலும் மீன்தொட்டி இருப்பின், சிறிய வெப்பமானியொன்றை வாங்கி அதில் வையுங்கள். அதனைப் பார்க்கும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். வாய்திறந்து முறையிட இயலாத உயிரின் தேவையை முன்னறிந்து உதவும் பழக்கம் அப்பிள்ளைக்கு வாய்க்குமாயின், அது எந்தப் பாடப்புத்தகமும் தராத கல்வியாகும்.