வண்டிகள் பேசும் காலம்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துவடிவம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதைப் பற்றியது. கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வருதல் கூடும். ஆயினும், ஒழுங்கை முடக்கிலே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு திரும்பிப் பழகிய எமக்கு இது முற்றிலும் புதியதன்று. மதிலுக்கு அப்பால் வருபவனை நாம் காணோம். அவனும் எம்மைக் காணான். ஆகவே கண்ணால் ஆகாததைக் காதால் செய்கிறோம். ‘இங்கே ஒருவன் வருகிறான்’ என்பதற்கு மேல் அந்த மணிக்கு வேறு பாஷை கிடையாது. ஆனால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றும் பாட்டும் போட்டுக்கொண்டு வரும் காருக்குள் அவ்வோசை நுழைவதில்லை. மணிக்குப் பதிலாக வானலையும், காதுக்குப் பதிலாக ஒரு கருவியும் வைத்தால் என்ன என்பதே விஞ்ஞானிகள் எழுப்பிய வினா.

இதனை விளையாட்டாகக் கொள்ள இயலாது. உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் வீதி விபத்துக்களால் மாண்டோர் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் உயிரைக் கவரும் காரணங்களுள் இதுவே முதலாவது என்றும் அவ்வறிக்கை கூறுகின்றது. பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். இது பின்வரிசையில் இருக்கும் எமது வயதினரின் கணக்கு. இன்னொன்று: மாண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர், நடந்து சென்றோரும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிள் முதலியவற்றிலும் சென்றோருமாவர். இந்தப் ‘பாதிக்கு மேல்’ என்பதை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

முன்னர் வந்த காவற் கருவிகளிற் சிறந்தவை யாவும் தனித்து நின்று தொழில் செய்வன. சுவீடன் தேசத்து வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்த மும்முனை ஆசனப்பட்டி 1959 இல் வண்டிகளுக்கு வந்தது. அந்நிறுவனம் அதனைத் தனக்கே உரியதாக வைத்துக்கொள்ளாது பிறரும் செய்துகொள்ள இடங்கொடுத்தது. (வியாபாரிகளில் இப்படியும் உளர்!) சில்லுகள் இறுகிச் சறுக்காமற் காக்கும் மின்னியல் பிறேக் 1978 இல் யேர்மனியிலே விற்பனைக்கு வந்தது. பட்டியைக் கட்டியவனைப் பட்டி காக்கிறது. எதிரே வருபவன் கட்டினானா என்று அது பார்ப்பதில்லை. இக்காலத்து வண்டிகளிற் பூட்டும் கமெராவும் ரேடாரும் களைப்பறியாத கண்கள்தாம். ஆனால் கண்கள்தானே! மதிலுக்கு அப்பால் அவையும் பெரும்பாலும் குருடு.

பேசும் வண்டி வேறு வகையானது. அதிலுள்ள கருவி, செய்மதிகளின் துணையால் தான் இருக்கும் இடத்தை அறிந்து, அவ்விடத்தையும், வேகத்தையும், திசையையும், பிறேக் அமுக்கப்பட்டதா என்பதையும் ஒரு செக்கனுக்குப் பத்து முறை வானலையிற் கூவிக்கொண்டே செல்லும். ஏறக்குறைய 300 மீற்றர் வட்டாரத்திலுள்ள மற்றைய வண்டிகள் அதனைக் கேட்கும். கேட்ட வண்டி இரு போக்குகளையும் கணக்கிட்டு, இரண்டும் ஒரே கணத்தில் ஒரே இடத்தை அடையுமென்று கண்டால் சாரதியை எச்சரிக்கும். சொந்தக்காரரின் பெயரோ இலக்கத்தகடோ அச்செய்தியில் இராது.

ஓர் உதாரணம் சொல்வோம். பெரிய லொறியொன்றின் பின்னே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் போகிறோம். லொறிக்கு முன்னாற் போன கார், குறுக்கே வந்த மாட்டைக் கண்டு சடுதியாக நிற்கிறது. அதன் சிவப்பு விளக்கு லொறிச் சாரதிக்குத் தெரியும், எமக்குத் தெரியாது. லொறி நின்ற பின்னரோ, ஒருபுறம் வெட்டிய பின்னரோதான் நாம் அறிவோம். அந்த வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். முன்னே நின்ற காரின் செய்தி லொறியைக் கடந்து எம்மை நேரே வந்தடையுமாயின், அந்தச் செக்கன் எமக்கு மிச்சம்.

இத்துணை நல்ல கருவி ஏன் ஊரெங்கும் பரவவில்லை? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வானலைகளைப் பங்கிடும் ஆணைக்குழு, 1999 இலேயே 75 மெகாஹேர்ட்ஸ் அகலமான அலைப்பட்டை ஒன்றை இதற்கென ஒதுக்கியது. 2012 இல் மிச்சிக்கன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிலே ஏறக்குறைய 3,000 வண்டிகளிற் கருவி பூட்டிப் பெரும் பரீட்சை தொடங்கினர். கருவி தொழிற்பட்டது. 2016 டிசெம்பரில், புதிய கார்கள் யாவற்றிலும் இது இருத்தல் வேண்டும் என்ற விதியின் வரைவும் வெளிவந்தது. ஆனால் விதி நிறைவேறவில்லை. 1999 இற் பிறந்த பிள்ளை சாரதிப் பத்திரம் எடுக்கும் வயதை அடைந்த பின்னரும் ஒதுக்கிய பட்டை பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தது. வெறுங்காணியைக் கண்டால் அயலான் கேளாதிருப்பானா? 2020 நவம்பரில் அதே ஆணைக்குழு அதில் 45 பங்கை வைஃபைக்கு எடுத்துக்கொடுத்து, மிகுதி 30 பங்கைக் கைத்தொலைபேசி முறையின் வழிவந்த வேறொரு பேச்சுமுறைக்கு விட்டது. 2023 இல் பழைய வரைவு விதியும் மீளப் பெறப்பட்டது. 2024 நவம்பரில் புதிய முறைக்குரிய விதிகள் பிறந்தன. கால் நூற்றாண்டு கழிந்தது!

எந்தப் பாஷையிற் பேசுவது என்ற பிணக்கும் இத்தாமதத்திற்கு ஒரு காரணம். ஆயினும் அடியிலுள்ள காரணம் ஒரு சிறு கணக்கு. பத்து வண்டிகளில் ஒன்றுக்கே கருவி இருப்பதாகக் கொள்வோம். சந்தியிலே எதிர்ப்படும் இரு வண்டிகளிலும் கருவி இருப்பது நூற்றில் ஒரு முறைதான். பாதி வண்டிகளுக்கு இருந்தாலும் நான்கில் ஒரு முறையே. ஆசனப்பட்டி வாங்கியவனுக்கு அன்றே பலன்; பேசும் கருவி வாங்கியவனுக்கோ அயலான் வாங்கும்வரை பலனில்லை. தானாக ஒருவரும் முந்தமாட்டார். ஆகலின் இது கருவியின் கெட்டித்தனத்தைப் பொறுத்த விஷயமன்று, ஊர் கூடி ஒருப்படுதலைப் பொறுத்த விஷயம் என்பதே எமது எண்ணம். சந்தையின் போக்கிற்கு விட்டால் இது நடவாது; சட்டம் வேண்டும்.

ஐரோப்பாவில் ஒருவகைப் பேச்சுக்குச் சட்டம் வந்தது. 2018 மார்ச் 31 ஆம் திகதி முதல் அங்கே அங்கீகாரம் பெறும் புதிய வகைக் கார்களில், கடும் மோதல் நேர்ந்தால் 112 என்ற அவசர இலக்கத்தைத் தானே அழைத்து இடத்தைச் சொல்லும் கருவி இருத்தல் வேண்டும். சாரதி மூர்ச்சையுற்றுக் கிடந்தாலும் கார் பேசும். இங்கே மறுமுனையில் வேண்டியது இன்னொரு காரன்று, விழித்திருக்கும் ஓர் அலுவலகம். அதனாலேயே இது விரைவில் நிறைவேறிற்று. அதற்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. அக்கருவிகள் பழைய தலைமுறைத் தொலைபேசி வலையமைப்பை நம்பியவை. அவ்வலையமைப்புகள் நாடு நாடாக மூடப்பட்டு வருகின்றன. காருக்கு ஆயுள் பதினைந்து, இருபது வருடம். தொலைபேசிக்காரருக்கு அவ்வளவு பொறுமை ஏது?

கேட்பாரில்லாத பேச்சு எப்படியிருக்கும் என்பதை நம்மவர் பலர் தினமும் கேட்டிருப்பீர்கள். யப்பானிலிருந்து இறக்கிய பழைய கார்கள் சிலவற்றில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். வணக்கம் கூறுகிறாள் என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மையில் அவள், அந்நாட்டு அதிவேக வீதியில் நில்லாமலே கட்டணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்று முறையிடுகிறாள்! அங்கே வீதிக்குமேலுள்ள கருவி அவளுக்கு மறுமொழி தரும். இங்கே அவள் குரலுக்கு மறுமொழியில்லை. 2015 முதல் யப்பானில் ரொயோட்டா நிறுவனம் சில கார்களுக்குக் கொடுத்துவரும் பேசும் கருவிக்கும், இங்கு வந்தால் அதே கதிதான்.

பெரியவர் ஒருவர் முற்பேச்சில் எம்மிடம் கேட்டார்: ‘கேட்கும் காதுள்ள வண்டிக்குள் கள்ளன் புகமாட்டானா?’ புகுவான். 2015 இல் அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆராய்ச்சியாளர், ஓடிக்கொண்டிருந்த ஒரு யீப் வண்டியைத் தொலைவிலிருந்தே தம் வசப்படுத்திக் காட்டினர். நிறுவனம் 14 இலட்சம் வண்டிகளைத் திருத்தத்திற்கு அழைக்க நேர்ந்தது. அவ்விருவரும் கள்ளரல்லர், கதவு திறந்திருக்கிறதென்று வீட்டுக்காரனை எழுப்பியவர்கள்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் பாதிப் பேர். அவர்களிடம் கருவியில்லை. வண்டிகள் தம்முள் எவ்வளவு நயமாகப் பேசினாலும், நடந்து போகிறவன் அச்சம்பாஷணையில் இல்லை. 2013 இல் ஹொண்டா நிறுவனம், பாதசாரியின் கைத்தொலைபேசியே வண்டிக்குச் செய்தி சொல்லும் முறையொன்றைச் செய்துகாட்டியது. நல்ல எண்ணம். ஆனால் கைத்தொலைபேசி அறியும் இடம், மதில்கள் நெருங்கிய வீதியிலே சில மீற்றர் பிழைபடும். மதிலோரம் ஒதுங்கி நிற்கும் கிழவியையும் வீதியில் இறங்கிவிட்ட கிழவியையும் அதனாற் பிரித்தறிய இயலாது. எல்லாருக்குமாக எச்சரித்தாற் சாரதி நாலாம் நாள் அதனை அணைத்துவிடுவான். ஆகவே அவளைப் பொறுத்தவரையில் அந்தக் கமெராக் கண்ணும், சாரதியின் கண்ணும், வண்டியின் வேகமுமே இன்றுள்ளவை.