இருட்டறையில் ஒரு மணி நேரம்



கைப்பேசியில் படம் எடுத்தால் இமைப்பொழுதில் அது கண்முன் தோன்றிவிடுகிறது. நான் சொல்லப்போவதோ, ஒரே படத்திற்காக ஒரு மணி நேரம் இருட்டிலே காத்திருக்கும் முறை பற்றியதாகும்.

பெரிய காமிராக்களில் சுருள் பிலிம் இடுவதில்லை. நான்குக்கு ஐந்து அங்குலம், எட்டுக்குப் பத்து அங்குலம் என்ற அளவுகளில் தனித்தனித் தாளாக வரும் ஷீட் பிலிமையே இடுவர். அதன் பூச்சில் வெள்ளி உப்புத் துகள்கள் உள்ளன. ஒளிபட்ட துகள்களை டெவலப்பர் என்னும் கரைசல் கருநிற வெள்ளியாக மாற்றுகிறது. ஆகவே வெயில் பட்ட இடம் நெகடிவில் கருமையாகவும், நிழல் வெளிறியும் அமைகின்றன.

வழக்கமாகக் கரைசலை அடிக்கடி அசைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கடும் வெயிலும் இருண்ட நிழலும் ஒரே காட்சியில் இருந்தால் என்ன ஆகும்? நிழல் உருப்பெறுமுன் வெயிற்பகுதி அளவு மீறிக் கறுத்துவிடும்.

இதற்கு மாற்றாக, 1891ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ரொடினால் போன்ற டெவலப்பரில் ஒரு பங்கிற்கு நூறு பங்கு நீர் சேர்ப்பர். 20 பாகை செல்சியசில் வைத்து, முதல் ஒரு நிமிடம் மெல்ல அசைத்து, பின் ஒரு மணி நேரம் தொடாமல் விடுவர். வெயிற்பகுதியை ஒட்டிய கரைசல் விரைவில் வலுவிழக்கிறது. அங்கே வெளிப்படும் புரோமைடும் வினையைத் தடுக்கிறது. நிழற்பகுதியிலோ கரைசலுக்கு வேலை குறைவு. அதன் வலு எஞ்சி நிற்பதால், மெல்ல மெல்ல நிழலிலுள்ள நுட்பங்களை அது வெளிக்கொணர்கிறது. வலியவன் களைத்து நிற்க, எளியவன் நடந்து வந்து சேர்வதைப் போன்றது இது.

இம்முறைக்கு நெருங்கிய உறவான ஒன்றை அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் கையாண்டார். 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், நிலவு எழும் காட்சியை ஒரே தாளில் பதிவு செய்தார். அடுத்த தாளுக்கு ஆயத்தமாகுமுன் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த ஒளி மறைந்துவிட்டது. அந்த ஒரே நெகடிவை அரை நிமிடம் டெவலப்பரிலும், இரண்டு நிமிடம் அசையாத நீரிலுமாகப் பத்து முறை மாற்றி மாற்றி இட்டு அவர் உருவாக்கினார்.

இனி என் அனுபவம். 1994ஆம் ஆண்டு, நான் அறிவியல் ஆசிரியனாக இருந்த பள்ளியில், நெடுங்காலம் மணியடித்த பெரியவர் ஓய்வு பெற்றார். தாழ்வாரத்து நிழலில் அவரை நிறுத்தினேன். பின்னால் வெயில் கொளுத்தியது. இரண்டே தாள்கள் இருந்தன. இரண்டிலும் அவரைப் படமெடுத்தேன்.

முதல் தாளை நிமிர்த்தித் தொட்டியில் தொங்கவிட்டேன். 'எப்படியும் நிற்கப்போவதுதானே' என்றெண்ணி, தொடக்கத்தில் அசைக்கவே இல்லை. வானம் பதிந்த பகுதியிலிருந்து புரோமைடு கீழே வழிந்து வினையைத் தடுத்தது. அச்சிட்டபோது பெரியவரின் முகத்தின்மேல் கரிய கோடுகள்! பிழை என்னுடையதே.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் மற்றத் தாளைத் தட்டில் கிடத்தி, முதல் நிமிடம் கவனமாக அசைத்தேன். அரை மணி கழிந்ததும் மீண்டும் ஒருமுறை மெல்ல அசைத்தேன். ஹைப்போவில் இட்டு, கழுவி, விளக்கின்முன் தூக்கிப் பார்த்தேன். வெளியே வேப்பிலைகளும் தெரிந்தன. நிழலில் நின்ற முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவர் வீட்டுச் சுவரில் மாலையுடன் தொங்குவது அந்தப் படந்தான்.

மாணவர்களே! காத்திருத்தல் வேறு, அசட்டையாக இருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை நான் வகுப்பில் பலருக்குப் போதித்ததுண்டு. எனக்கு அதைப் போதித்தது, பாழாய்ப்போன அந்த முதல் தாள். அதை இன்றும் என் மேசை அறையில் வைத்திருக்கிறேன்.