நூறாவது ஆடும் கணக்குப் பாடமும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த ஆசிரியர் – பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் கோவிலுக்கு வண்ணம் பூசினோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம், தேருக்கு மின்விளக்கு அமைத்தோம். எல்லாம் நன்றே. ஆனால் கோவிலுக்கு அடுத்த சுவரில் இருக்கும் நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன செய்தோம் என்று ஆண்டவர் கேட்டால் என்ன விடை சொல்வோம்? அதைப் பற்றித்தான் இன்று சற்றுப் பேச விழைகிறோம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் குருமாணவராக இருந்தபோது ஓராண்டு களப்பணிக்கு அனுப்பப்பட்டு, ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினோம். ஒரு சிறுவன் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினான். திருத்தினோம். மறுநாள் 63-இலிருந்து 38-ஐக் கழித்து 35 என்று எழுதினான். பிரம்பை எடுத்தோம். அடுத்த வாரமும் அதே தவறு, அதே பிரம்பு. ஆண்டு முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அவன் சோம்பேறி என்று அன்று எண்ணினோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கணக்குகளை மனத்தில் மீண்டும் போட்டுப் பார்த்தோம். 52-இல் ஒன்றின் இடத்தில் 2. கழிக்க வேண்டியது 7. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 என்று போட்டிருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்பது அவன் தானாக வகுத்துக்கொண்ட விதி. அந்த விதியை அவன் ஒருமுறைகூட மீறவில்லை! அவன் சிந்திக்காமல் எழுதவில்லை; சிந்தித்த வழியில் ஒரு படி மட்டும் பிசகியிருந்தது. அந்த ஒரு படியைத் தேடிப் பார்க்க நமக்குத்தான் பொறுமை இல்லை.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் இந்தப் பொறுமையைத் தினமும் கடைப்பிடிக்கிறார்கள். எழுதியது சரியாக ஓடவில்லை என்றால் யாரும் தம்மைத் தாமே பிரம்பால் அடித்துக்கொள்வதில்லை. எந்தப் படியில் பிழை என்று வரிவரியாகத் தேடுகிறார்கள், திருத்துகிறார்கள், மீண்டும் ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்த மனப்பான்மையைக் குழந்தைகளுக்குக் கொடுக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். அவர் பெயர் சீமோர் பேப்பர்ட். 1928-இல் தென் ஆப்பிரிக்காவில் பிறந்த கணித அறிஞர். குழந்தைகள் எவ்வாறு சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த ழான் பியாஜேயுடன் ஜெனீவாவில் பணியாற்றியவர். 1967-இல் அமெரிக்காவில் வாலி ஃபொயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து, குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்னும் கம்ப்யூட்டர் மொழியை அவர் உருவாக்கினார். திரையில் ஓர் ஆமை. அதற்குக் குழந்தை கட்டளையிடும். ஆமை நகர்ந்த வழியெல்லாம் கோடு விழும். அவ்வளவே!

'முன்னே 100, வலப்பக்கம் 90' என்பதை நான்கு முறை சொன்னால் சதுரம் வரும். சரி, சமபக்க முக்கோணம் வரையச் சொல்வோம். அதன் கோணம் ஒவ்வொன்றும் 60 என்று படித்த பிள்ளை 'முன்னே 100, வலப்பக்கம் 60' என்று மூன்று முறை சொல்லும். முக்கோணம் வராது. கோடு மூடாமல் வாய் பிளந்து நிற்கும். வகுப்பாக இருந்தால் 'தவறு' என்று சிவப்பு மை விழுந்திருக்கும். இங்கோ ஆமை கோபிப்பதில்லை. பிள்ளை இன்னும் மூன்று முறை சொல்லிப் பார்த்தால், தேன்கூட்டின் அறைபோல் அழகான அறுகோணம் வந்து நிற்கும். தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது!

இப்போது பிள்ளையை எழுப்பி, முற்றத்தில் சுண்ணாம்பால் முக்கோணம் போட்டு, அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலையில் திரும்பும்போது அது தானே உணரும்: உள்ளே இருக்கும் கோணம் 60, ஆனால் உடம்பு திரும்புவது 120. மூன்று முறை 120 என்றால் 360. சதுரத்தில் நான்கு முறை 90; அதுவும் 360. அறுகோணத்தில் ஆறு முறை 60, அதுவும் 360. சுற்றிவந்து புறப்பட்ட திசையிலேயே நிற்பவர் ஒரு முழுச் சுற்றுத் திரும்பியிருக்கிறார் என்னும் பேருண்மையை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் காலால் கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொடுத்தது யார்? அதன் தவறுதான்!

'சுவாமி, இதற்கெல்லாம் பணம் எங்கே?' என்று கேட்பீர்கள். கடைக்காரர் மேசையில் கிடக்கும் கால்குலேட்டர் போதும், தொடங்குவதற்கு. அதில் 652 என்று போடச் சொல்லுங்கள். நடுவில் உள்ள 5-ஐ மட்டும் 0 ஆக்க வேண்டும். 6-ம் 2-ம் மாறக்கூடாது. கழித்தல் ஒரே முறைதான். பிள்ளை உடனே 5-ஐக் கழிக்கும், 647 வரும். விழிக்கும். பிறகு 50-ஐக் கழிக்கும். 602 வந்ததும் துள்ளும். நூறு, பத்து, ஒன்று என்னும் இடமதிப்பை ஒரு வாரம் விளக்கியும் புரியாத பிள்ளைக்கு, ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடுவதுண்டு. இன்னொரு விளையாட்டு: 8 என்னும் பொத்தான் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு, 48-ஐத் திரையில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒருவன் 50-இலிருந்து 2-ஐக் கழிப்பான். ஒருத்தி 24-ஐ இரண்டு முறை கூட்டுவாள். கருவி விடையைத்தான் தரும். வழியைப் பிள்ளைதான் தேட வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதற்கு மாற்றாகக் கால்குலேட்டரைக் கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் புளியங்கொட்டையும் மணிச்சட்டமும் கையில் இருக்கட்டும், பிறகு பலகை, அதற்குப் பிறகே கருவி. கைப்பேசியைக் கையில் கொடுத்து மூலையில் உட்காரவைப்பது கல்வியன்று. ஒரு கருவிக்கு இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் பெரியவர் ஒருவர், அரைமணி நேரம் போதும்.

கோவிலுக்கும் கணக்குக் கருவிக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரும் உண்டு. 999 முதல் 1003 வரை திருச்சபையை ஆண்ட பாப்பரசர் இரண்டாம் சில்வெஸ்தர், அதற்கு முன் ஆசிரியராக இருந்தபோது மணிச்சட்டத்தையும், இந்தியாவில் பிறந்து அரபியர் வழியே சென்ற எண்களையும் மேலைநாட்டு மாணவர்க்குக் கற்பித்தவர். விசுவாசத்தில் ஆழ்ந்த பிலேஸ் பஸ்கால், ரூவான் நகரில் வரிக்கணக்கு எழுதிக் களைத்த தம் தந்தைக்கு உதவ, 1642-இல், 20 வயது நிறையுமுன்னே, கூட்டும் எந்திரம் செய்ய முனைந்தார். ஒரு சக்கரம் ஒன்பதைத் தாண்டினால் அடுத்த சக்கரம் ஓரிடம் நகரும். 'மூன்றைப் போட்டு ஒன்றை மனத்தில் வை' என்று நாம் சொல்வதைப் பற்சக்கரத்தால் செய்துகாட்டினார்.

'எங்களுக்கு வயதாகிவிட்டது' என்னும் ஆசிரியைகளுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் இயலில் முதன்முதலாக டாக்டர் பட்டம் பெற்ற பெண்மணி ஒரு கன்னியாஸ்திரி: சகோதரி மேரி கென்னத் கெல்லர். 1965-இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 51. இளைஞர்களே, உங்களுக்கு ஒருவர்: கார்லோ அக்குதிஸ். 15 வயதில் 2006-இல் மறைந்து, 2025 செப்டம்பர் 7-இல் புனிதராக உயர்த்தப்பட்ட இவர், தம் கம்ப்யூட்டர் திறமையை நற்கருணை அற்புதங்களை எடுத்துரைக்கப் பயன்படுத்தினார்.

ஆங்கிலம் தடையாகுமோ என்று அஞ்ச வேண்டாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் கம்ப்யூட்டர் மொழியில் 'பதிப்பி', 'முடி' என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் மண்டபத்தின் பின்னறையில், பங்கு மக்கள் சிலர் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள் துணி போர்த்திக் கிடக்கின்றன. கெட்டுவிடுமோ என்று பயந்து பூட்டி, சாவியை நாமே வைத்திருந்தோம். தாலந்தைப் புதைத்த ஊழியனின் வேலையைத்தான் செய்திருக்கிறோம். இதோ, அந்தச் சாவியை இன்று தலைமையாசிரியையிடம் ஒப்படைக்கிறோம். படித்த இளைஞர்கள் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தாருங்கள். பெற்றோரே, பிள்ளை தவறாகப் போட்ட கணக்கைக் கொண்டுவந்தால், கையை ஓங்குமுன், 'எப்படிப் போட்டாய், சொல் பார்ப்போம்' என்று கேளுங்கள்.

நூறு ஆடுகளில் ஒன்று தவறினால், உலகக் கணக்குப்படி தொண்ணூற்றொன்பது மீதி, பெரிய நட்டமில்லை. நல்ல ஆயனின் கணக்கோ வேறு. அந்த ஒன்றைத் தேடிப் போகாதவரை அவருடைய கணக்கு முடிவதில்லை. நாம் ஒன்றைத் தவறவிட்டவர். இனி இந்தப் பங்கில் கணக்குக்குப் பயந்து ஒரு பிள்ளையும் பள்ளியை விட்டுப் போகாதிருக்க, ஆலயத்தில் ஆசிரியர் நடுவே அமர்ந்து கேள்விகள் கேட்ட குழந்தை இயேசு நமக்குத் துணைபுரிவாராக!

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.