கடல் அனுப்பும் எதிரொலி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசவல்ல அறிஞர் பலர் இங்கு வீற்றிருக்க, மெட்ரிகுலேஷன் மட்டுமே பயின்று பார்சல் ஆபீசில் கணக்கெழுதும் எம்மைப் பேச அழைத்தது செயலாளரின் துணிவே ஆகும். கடலலைகளையும் கடலில் மிதப்பனவற்றையும் ராடார் கொண்டு காண்பது எங்ஙனம் என்பதே யாம் எடுத்துக்கொண்ட பொருள். எத்திசையில் சென்றாலும் கடலை அடைய ஓரிரவுப் பயணம் வேண்டும் இந்த நாகபுரியில், கடலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நகைக்கலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நம் காலனியில் அன்று இருந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை. எம் எதிர்க் குவார்ட்டர்சில் குடியிருந்த அம்மையாரின் பிறந்தகம் நாகப்பட்டினத்தை அடுத்த மீனவர் சிற்றூர். தொலைக்காட்சியில் செய்தி கண்டதும் எம் வாசலில் வந்து நின்றார். ரயில்வே தொலைபேசியில் அந்தப் பக்கத்து நிலையம் எதையாவது பிடித்துத் தருமாறு வேண்டினார். மாலை வரை முயன்றும் விடை இல்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது. தமையனார் பிழைத்திருந்தார், தமையனாரின் மகள் இல்லை. “இத்தனை பெரிய அலை வருவதை ஒருவருமா பார்க்கவில்லை, தம்பி?” என்று அம்மையார் கேட்டார். அப்போது எமக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தவற்றையே இன்று கூறுகிறோம்.

ராடார் என்பது எதிரொலியைக் கேட்கும் கருவி. ரேடியோ அலையைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, பொருளின்மேல் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் எதிரொலி திரும்பினால் பொருள் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று பொருள். 1904ஆம் ஆண்டிலேயே ஹூல்ஸ்மையர் என்ற ஜெர்மானியர், கப்பல் எதிர்ப்பட்டால் மணி ஒலிக்கும் கருவி ஒன்றைக் கொலோன் நகரில் செய்து காட்டினார். வாங்குவார் இல்லை! தமிழில் இதனைக் ‘கதுவீ’ என்கின்றனர். கதுவுதல் என்றால் பற்றுதல், நல்ல பெயர்தான். எனினும் நாவில் நின்றுவிட்ட ராடாரையே யாமும் கூறுகிறோம்.

கப்பலில் சுழலும் ராடாரின் அலை ஏறத்தாழ 3 அல்லது 10 சென்டிமீட்டர் நீளமுடையது. இரும்புக் கப்பல் அதனை வலுவாகத் திருப்பி அனுப்பும். ஆனால் காற்றடிக்கும் கடலின் சிற்றலைகளும் எதிரொலி தரும். திரையில் நம் கப்பலைச் சுற்றி அரிசி இறைத்தாற்போல் புள்ளிகள் நிறையும். இதனைக் கடலிரைச்சல் எனலாம். அதனைக் குறைக்கக் குமிழ் ஒன்று உண்டு. அதனை மிகுதியாகத் திருகினால் இரைச்சலோடு சேர்ந்து சிறு படகும் மறையும். மரமும் பைபரும் ராடார் அலையைச் சரியாகத் திருப்புவதில்லை. ஆகவே, அனுபவமுள்ள மாலுமி ஒரு சுற்றை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அலையின் புள்ளி சுற்றுக்குச் சுற்று இடம் மாறும். படகின் புள்ளி நிலைத்து நிற்கும். கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1956ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் நாண்டக்கெட் தீவருகே ஆந்திரியா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதியது சான்று. இரு கப்பல்களிலும் ராடார் இருந்தது; ஒன்றையொன்று திரையில் கண்டும் இருந்தன. 51 உயிர்கள் போயின.

படகைத் தேடுவோர்க்கு இடையூறான அந்த இரைச்சலே கடலைத் தேடுவோர்க்குச் செய்தியாயிற்று. 1955ஆம் ஆண்டு நியூசிலாந்தைச் சேர்ந்த குரோம்பி என்பார், நொடிக்கு 1,35,60,000 அதிர்வுடைய ரேடியோ அலை கடலிலிருந்து திரும்புவதை ஆராய்ந்தார். அவ்வலையின் நீளம் 22 மீட்டர். கடலிலோ பல அளவில் அலைகள் புரள்கின்றன. அவற்றுள் சரிபாதியாகிய 11 மீட்டர் இடைவெளியில் வரும் அலைகள் மட்டுமே பெரிதாகக் கேட்டன! கும்மியில் நூறு பெண்கள் மனம்போல் கைதட்டினால் சலசலப்பு. ஒரே தாளத்தில் தட்டினால் தெருக்கோடி வரை கேட்கும். அங்ஙனமே அவ்விடைவெளியில் நிற்கும் முகடுகளின் எதிரொலிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓங்குகின்றன.

இன்னொன்றும் கண்டார். எஞ்சின் நம்மை நோக்கி வரும்போது ஊதலின் சுருதி ஏறுவதும், கடந்து போகையில் இறங்குவதும் நம் காலனிக் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கரையை நோக்கி வரும் அலை அதுபோலவே ரேடியோ அலையின் சுருதியை ஏற்றுகிறது. எவ்வளவு? அந்த ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சத்து அறுபதாயிரத்தில் அரை அதிர்வுக்கும் குறைவு! அதையும் அளந்தனர். 11 மீட்டர் அலை ஆழ்கடலில் நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மிகுதியாகச் செல்லும் என்பது முன்பே தெரிந்த கணக்கு. அளந்த வேகம் அதனின் மாறுபட்டால், எஞ்சியது அடியில் ஓடும் நீரோட்டத்தின் வேகம்.

இம்முறையில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நம் நாட்டுக் கரைகளில் இணை இணையாக ராடார்களை நிறுவியது. கல்பாக்கமும் கடலூரும் ஓர் இணை. ஒன்று தன்னை நோக்கிய வேகத்தை மட்டுமே சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் திசை கிடைக்கும். எஞ்சின் நின்றுபோன படகை நீரோட்டம் எப்பக்கம் இழுத்துச் சென்றிருக்கும் என்று தேடுவோர்க்கு இது பெருந்துணை.

இனி அம்மையாரின் கேள்விக்கு வருகிறோம். அன்று காலை, நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், ஜேசன்-1 என்னும் செயற்கைக்கோள் 1,336 கிலோமீட்டர் உயரத்தில் வங்கக் கடலைக் கடந்தது. அதன் ராடார் நேர்கீழே துடிப்பனுப்பிக் கடல்மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும். ஆழ்கடலில் விரைந்துகொண்டிருந்த அவ்வலையை அது அளந்தது. உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். நம் மேசையின் உயரமும் இல்லை. பல நூறு கிலோமீட்டர் அகலத்தில் பரந்து கிடந்ததால் அதன்மேல் சென்ற கப்பல்களுக்கும் தெரிந்திராது. கரையருகே ஆழம் குறையவே அது மலையென எழுந்தது. ஆகவே, பார்த்தது உண்மை. ஆனால் அப்பதிவு தரையில் இறங்கி, கணக்கிடப்பட்டு, மனிதர் கண்ணில் பட்டது பல மணி நேரம் சென்ற பின்னர். அதற்குள் நாகைக் கரையில் எல்லாம் முடிந்திருந்தது. அக்கோள் எச்சரிக்கைக்கென அமைந்ததும் அன்று. அந்நேரத்தில் அவ்விடத்தைக் கடந்தது தற்செயலே.

அம்மையாரின் கணவர் ஓய்வு பெற்று, இருவரும் ஊர் திரும்பிவிட்டனர். இவ்விடையை யாம் கடிதமாக எழுதியனுப்பினோம். மறுமடலில் சுனாமியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “அண்ணன் இப்போதும் பைபர் படகில்தான் போகிறார். இரவில் பெரிய கப்பல்காரன் கண்ணுக்கு அது படுமா?” என்று மட்டும் கேட்டிருந்தார். மூன்று உலோகத் தகடுகளை, சுவர் இரண்டும் தரையும் கூடும் அறை மூலையைப் போல ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தினால், அம்மூலைக்குள் புகும் ராடார் அலை வந்த திசையிலேயே திரும்பும். அத்தகைய மூலைகள் எல்லாப் பக்கமும் அமையக் கட்டிய எதிரொலிப்பான்கள் கடைகளில் கிடைக்கின்றன. கம்பத்தில் இயன்ற அளவு உயரத்தில் கட்டவேண்டும். படத்தோடு எழுதியிருக்கிறோம், பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

சிறுவர் நாடகத்திற்குத் திரை ஆயத்தமாகிவிட்டதென்று செயலாளர் குறிப்புக் காட்டுகிறார்.