கல்வியும் செல்வமும் ஆசாரமும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வியும் செல்வமும் பெருகியதால் நம் குலத்தில் ஆசாரம் குன்றிவிட்டதென்று பெரியோர் பலர் வருந்துகின்றனர். எல்லா ஆசாரமும் குன்றிற்றா, சிலவே குன்றினவா என்று நாம் ஆராய்தல் வேண்டும்.

கடல் கடத்தல் முன்னாளில் நமக்குப் பெருந்தோஷமாயிருந்தது. 1914-ஆம் ஆண்டில் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் சீமைக்குப் புறப்பட எண்ணியபோது, அவருடைய தாயார் முதலில் இசையவில்லை. சென்ற இடத்தும் அவர் மாமிசம் தொடாது தாமே சமைத்துண்டார். அங்ஙனமிருந்தும், 1920-இல் அவர் சென்னையில் காலமானபோது, கடல் கடந்தவரென்று உறவினர் பலர் ஈமக்கடனுக்கு வரவில்லை என்பர். இன்றோ கடல் கடந்த வரனைத் தேடி நாமே ஜாதகம் அனுப்புகிறோம். அவ்விதி நம் லாபத்துக்குத் தடையாயிருந்தது, ஆதலால் மறைந்தது.

மற்றொரு விதியை நோக்குவோம். பாலியத்திலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலக்ஷ்மி அம்மையார் 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்று, 1912-இல் சென்னையில் இளம் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அதற்குப் பின் நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் பெற்று வளர்த்த தாய், கைம்பெண் என்ற ஒரே காரணத்தால், மகளின் மணமேடையை அணுகாது தூண் மறைவில் நிற்பதை இன்றும் காண்கிறோம். பட்டதாரிகளும் தனவந்தரும் நிறைந்த சபையிலேயே காண்கிறோம். தமக்கு இடையூறான விதியைக் கற்றோரும் செல்வரும் விரைவில் தளர்த்துவர். பிறர் தோளை அழுத்தும் விதி அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

செல்வம் ஆசாரத்தைப் பெருக்குவதும் உண்டு. சிராத்தத்தை ஆடம்பரமாக்கிவிட்டு, அவ்வாறு செய்ய இயலாத ஏழைப் பந்துவை ஆசாரஹீனன் என்கிறோம். விஷ்ணு புராணமோ, பொருளற்றவன் எள்ளும் நீரும் அளித்தாலும், பசுவுக்குப் புல் இட்டாலும் அமையும் என்கிறது. அதுவும் இயலாதவன் கைகளை உயர்த்திப் பிதிர்க்களை வணங்கினாற் போதும் என்கிறது. சாஸ்திரத்திலுள்ள தயை நம்மிடம் இல்லாதொழியலாமா?

ஆதலால், ஒரு நியமத்தைக் கொள்ளவோ தள்ளவோ எண்ணுமுன், அதன் பாரத்தைச் சுமப்பவர் யார் என்று கேட்போமாக. ஏழையின் எளிய சிராத்தத்தை இகழாதிருப்போமாக. இவ்வாண்டு நம் இல்லங்களில் நடைபெறும் விவாகங்களில், கணவரை இழந்த தாயே முன்னின்று முதல் அக்ஷதை இடுவாளாக.