அறுநூறு ஓட்டு



'நம் தொகுதியும் அதன் சட்டமன்ற உறுப்பினர்களும்' என்று நம் வாசகர் வட்டத்தார் எனக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நோட்டீஸில் அதைப் பார்த்ததுமே இரண்டு பேர் போன் போட்டு, "அண்ணாச்சி, எந்தக் கட்சிக்குப் பேசப் போறீங்க?" என்று கேட்டார்கள். கரைவேட்டி கட்டி வந்திருப்பவர்கள் யாரும் பதற வேண்டாம். நான் பேச வந்தது இரண்டு எண்களைப் பற்றி. ஒன்று 600. இன்னொன்று 68,757. இரண்டும் இந்தச் சங்கரன்கோவில் தொகுதி கொடுத்த எண்கள்தான். இரண்டுக்கும் இடையில் 16 வருஷம். அந்த 16 வருஷத்தில் கருப்பசாமி என்ற ஒரு மனிதரின் சட்டமன்ற வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது.

முதலில் 600. வருஷம் 1996. அந்தத் தேர்தல் நினைவிருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேராவது இருப்பீர்கள். திமுகவும் மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரசும் கைகோத்து வந்தன. திமுகவுக்கு மட்டும் 173 இடம். ஆட்சியில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 234 தொகுதியில் அதிமுகவுக்குக் கிடைத்தவை நான்கே நான்கு: அறந்தாங்கி, ராசிபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், அப்புறம் நம்ம சங்கரன்கோவில். அவ்வளவு பெரிய சூறைக்காற்றில் கழனி முழுக்கச் சாய்ந்து கிடக்க, இங்கே ஒரு கதிர் நின்றது. நூலிழையில் நின்றது. சி.கருப்பசாமி ஜெயித்தது வெறும் 600 ஓட்டு வித்தியாசத்தில்.

600 என்றால் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகுதியில் ஒரு 150 வாக்குச்சாவடி என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்கு நாலு ஓட்டு. அந்த நாலு பேரில் இரண்டு பேர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் சமம். சமமானால் என்ன செய்வார்கள் தெரியுமா? சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள், சட்டமே அப்படித்தான். மழைக்கு ஒதுங்கியவர்கள், சந்தைக்குப் போய் நேரமாகிவிட்டவர்கள், முத்திரையை இரண்டு சின்னத்துக்கும் நடுவில் குத்திவிட்டு வந்தவர்கள், இவர்கள் கையில் இருந்தது அன்றைக்கு முடிவு. அது வாக்குச்சீட்டுக் காலம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு முழுக்க மிஷின் வந்தது 2001 தேர்தலில்தான். அதுவரை சீட்டைப் பிரித்து, அடுக்கி, கட்டுக் கட்டி, செல்லாத ஓட்டுக்கு ஒவ்வொன்றாகச் சண்டை பிடித்து எண்ணுவார்கள். எண்ணும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிற வாத்தியார்களுக்கும் எழுத்தர்களுக்கும்தான் தெரியும், 600 வித்தியாசம் என்றால் ராத்திரி எத்தனை மணி வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்று.

அந்த வித்தியாசத்தில் ஜெயித்த மனிதர், சட்டமன்றத்துக்குப் போனபோது கூட உட்கார மூன்றே பேர். எதிர்க்கட்சித் தலைவர் பதவிகூட அதிமுகவுக்கு இல்லை. அது தமாகாவின் பாலகிருஷ்ணனுக்குப் போனது. நால்வரில் அறந்தாங்கி திருநாவுக்கரசு கொஞ்ச நாளில் தனிக்கட்சி கண்டார். கருப்பசாமி இருந்த இடத்திலேயே இருந்தார். ஆளுங்கட்சி பக்கம் போயிருந்தால் என்னென்னவோ கிடைத்திருக்கும். அந்தக் காலத்தில் அதிமுகவில் இருப்பதென்பது வழக்கு, கைது என்று செய்தித்தாளில் தினம் படிக்கிற விஷயம். விசுவாசமா, வேறு கணக்கா, அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் தலைமை அதை மறக்கவில்லை. 2001, 2006, 2011 என்று அடுத்தடுத்து அவருக்கே டிக்கெட். மூன்று முறையும் ஜெயித்தார். ஒரே தொகுதியில் தொடர்ந்து நான்கு வெற்றி.

2001ஐ விட்டுவிடலாம், அது அதிமுக கூட்டணி மாநிலத்தையே அள்ளிய வருஷம். 2006ஐப் பாருங்கள். கோட்டையில் திமுக வந்து உட்கார்ந்தது. இங்கே கருப்பசாமிதான், அதுவும் 2,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில். அதாவது மாநிலம் ஒரு பக்கம், சங்கரன்கோவில் ஒரு பக்கம் என்று நின்ற இரண்டு தேர்தலிலும் அவர் மயிரிழையில்தான் தப்பினார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாகப் பத்து வருஷம் இருந்தவர், தலைக்கு மேல் கத்தி தொங்கிய வெற்றியோடு அந்தப் பத்து வருஷத்தையும் கழித்தார். அப்படிப்பட்ட எம்.எல்.ஏ. என்ன செய்வார்? துஷ்டி வீட்டுக்கு வருவார். காதுகுத்துக்கு வருவார். ரேஷன் கார்டுக்கு மனு எழுதிக் கொடுத்தால் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். குணத்தைப் பற்றிப் பேசவில்லை, கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். சாவடிக்கு நாலு ஓட்டில் பிழைக்கிறவனுக்கு வேறு வழி கிடையாது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் தப்பு. இது தனித்தொகுதி. 1952லும் 57லும் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்து ஊர்க்காவலனை இரண்டு முறை அனுப்பியது. 1962இல் பொதுத்தொகுதி; அப்துல் மஜீத் ஜெயித்து காமராஜர் மந்திரிசபையில் அமர்ந்தார். 1967 முதல் தனித்தொகுதி. தனித்தொகுதி என்றால் நிற்கிறவர்தான் பட்டியல் சமூகத்தவர். ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாச் சாதியாரும். 1932 பூனா ஒப்பந்தத்தில் முடிவான ஏற்பாடு இது. இதன் விளைவு ஊரில் எப்படித் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வேட்பாளர் ஒருவர், அவரை ஜெயிக்க வைப்பதாகச் சொல்லிக்கொள்கிற ஒன்றியச் செயலாளர் வேறொருவர், மேடையில் நடு நாற்காலி அந்த இரண்டாமவருக்கு. எத்தனையோ தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் ஐந்து வருஷம் ஓர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் பெயர் அடுத்த தேர்தலில் யாருக்கும் நினைவிருக்காது. 1995இல் கொடியங்குளத்தில் தலித் மக்கள் மீது போலீஸ் தாக்குதல் நடந்து, தென் மாவட்டங்களில் சாதி நெருப்பு அணையாமல் இருந்த நேரத்தில்தான் 1996 தேர்தல் வந்தது. அந்தச் சூழலில் ஆளுங்கட்சி வேட்பாளராக நின்று, எல்லாத் தெருவிலும் ஓட்டு வாங்கி, பிறகு மூன்று முறை அதே தெருக்களுக்குத் திரும்பி வர முடிந்ததென்றால், அந்த நடு நாற்காலியை அவர் சம்பாதித்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

2011இல் நிலைமை மாறியது. இந்த முறை வித்தியாசம் 10,000ஐத் தாண்டியது, மாநிலத்திலும் அவர் கட்சி. மே மாதம் கால்நடைப் பராமரிப்புத் துறை அமைச்சர் ஆனார். விலையில்லா ஆடு, கறவை மாடு என்று அரசு பெரிதாக அறிவித்திருந்த நேரம். அந்தத் துறைக்கு வந்த அமைச்சர் ஆடு மாடு மேய்கிற ஊரிலிருந்து வந்தவர். ஆனால் உடம்பு இடம் கொடுக்கவில்லை. புற்றுநோய். அக்டோபர் 22ஆம் தேதி காலமானார். அதற்கு முந்தின நாள்தான் உள்ளாட்சித் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை. நம் நகராட்சித் தலைவராக முத்துச்செல்வி ஜெயித்து வந்திருந்தார். ஊரில் ஒரு பக்கம் வெடி, மறுநாள் இன்னொரு பக்கம் கறுப்புக் கொடி.

இனி அந்த இரண்டாவது எண்.

ஒரு இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைக்க வேண்டும் என்பது சட்டம். 2012 மார்ச் 18 என்று தேதி குறித்தார்கள். இது சாதாரண இடைத்தேர்தலாகப் போயிருக்கும். ஆனால் பிப்ரவரி 1ஆம் தேதி சட்டசபையில் ஜெயலலிதாவுக்கும் தேமுதிகவின் விஜயகாந்துக்கும் முட்டிக்கொண்டது. பத்து மாதத்துக்கு முன்னால் ஒரே கூட்டணியில் ஓட்டுக் கேட்ட கட்சிகள். சங்கரன்கோவிலில் தனியாக நின்று பார்க்கத் திராணி உண்டா என்று ஜெயலலிதா சபையிலேயே சவால் விட்டார். அன்றிலிருந்து நம்ம ஊர் பெயர் சென்னையில் எல்லார் வாயிலும். மந்திரிசபையே இங்கே வந்து இறங்கியது. லாட்ஜில் ரூம் கிடையாது, கல்யாண மண்டபம் கிடையாது, பொண்ணு பார்க்க வந்தவர்கள்கூட ராஜபாளையத்தில் தங்கிவிட்டு வந்தார்கள் என்று கேலி பேசினார்கள். பிரியாணிக் கடைக்காரர்களுக்கு அது இரண்டாவது ஆடித்தபசுத் திருவிழா.

அதிமுக வேட்பாளராக நின்ற முத்துச்செல்வி வாங்கியது 94,977. திமுகவுக்கு 26,220. மதிமுகவுக்கு 20,678, வைகோவின் கலிங்கப்பட்டி கூப்பிடு தூரத்தில் இருக்கிற மண் இது. தேமுதிகவுக்கு 12,000 சொச்சம். வித்தியாசம் 68,757. எதிர்த்து நின்ற அத்தனை பேருக்கும் டெபாசிட் காலி, திமுக உட்பட.

அப்புறம் நடந்ததைத் தேதி வாரியாகப் பார்க்கலாம். மார்ச் 18 ஓட்டுப்பதிவு. மார்ச் 19, கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்க மாநில அமைச்சரவை ஒப்புதல். அப்போது கூடங்குளமும் நாமும் ஒரே திருநெல்வேலி மாவட்டம். மார்ச் 30, மின்கட்டண உயர்வு அறிவிப்பு. ஏப்ரல் 1 முதல் அமல். விசைத்தறி ஓடுகிற ஊர் இது. பகலில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் தறி நின்றுகொண்டிருந்த வருஷம் அது. மை காய்வதற்குள் என்பார்களே, இங்கே மை நகத்தை விட்டு நகருவதற்குள் பில் வந்துவிட்டது. 68,757 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நாம் கோட்டையிடம் என்ன பேரம் பேச முடியும்? அவ்வளவு பெரிய வெற்றியைக் கொடுத்தவனிடம் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

வெற்றி பெற்ற அந்த அம்மையாருக்காவது அந்த எண் உதவியதா? 2016இல் அவருக்கு டிக்கெட் இல்லை. நகராட்சியிலிருந்து வந்த வி.எம்.ராஜலட்சுமிக்குப் போனது. அவர் 14,000க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சர் ஆனார். 600 ஓட்டில் ஜெயித்தவர் நான்கு முறை நின்றார். 68,757இல் ஜெயித்தவர் இரண்டாம் முறை நிற்கவில்லை. அந்த ஓட்டு அவருக்கு விழுந்த ஓட்டே அல்ல என்பது கட்சிக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லவில்லை, யாரை நிறுத்தியிருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும். மாநில அரசு ஒரு தாலுகாவில் கூடாரம் அடித்தால் வருகிற எண் அது.

2021இல் திமுகவின் ராஜா 5,297 ஓட்டு வித்தியாசத்தில் வந்தார். 1989இல் தங்கவேலுவுக்குப் பிறகு திமுக இங்கே ஜெயித்தது அப்போதுதான், 32 வருஷம் கழித்து. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? 1989இல் அதிமுக ஜெ அணி, ஜானகி அணி என்று இரண்டாகக் கிடந்தது. 2021இல் அதிமுகவிலிருந்து பிரிந்த அமமுக தனியாக நின்று, அந்த வித்தியாசத்தைவிட அதிகமான ஓட்டைப் பிரித்தது. அந்தப் பக்கம் வீடு பிரிந்தால் இந்தப் பக்கம் விளக்கு எரிகிறது. ராஜா தரப்பு இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். பூத்வாரிக் கணக்கை எடுத்து என்னை மறுத்தால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.

அந்தப் பூத்வாரிக் கணக்குதான் இங்கே நான் கடைசியாகக் கேட்க வந்தது. படிவம் 20 என்று ஒன்று உண்டு. எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். சமீபத்திய தேர்தல்களுக்கு அது சுலபமாகக் கிடைக்கும். பழையதுதான் பாடு. கருப்பசாமி சபையில் பேசியதெல்லாம் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகிக் கிடக்கிறது. 1996க்கும் 2001க்கும் இடையில் நால்வரில் ஒருவராக இருந்து அவர் என்ன கேட்டார், நம் தறிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டாரா, யாரும் இதுவரை எடுத்துப் பார்த்ததாக நான் அறியேன். நம் வாசகர் வட்டத்தில் சென்னைக்கு அடிக்கடி போய்வருகிற இளைஞர்கள் இருக்கிறீர்கள். அந்த ஐந்து வருஷத்துக் குறிப்புகளை மட்டும் நகல் எடுத்து வந்து நம் நூலகத்தில் வையுங்கள். வீட்டுப் பரணில் அந்தத் தேர்தல்களின் துண்டறிக்கை, சின்னம் போட்ட சீட்டு, பழைய வாக்காளர் பட்டியல் எது கிடந்தாலும் எடைக்குப் போடுவதற்கு முன்னால் நூலகரிடம் ஒரு முறை காட்டுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அவற்றை வைத்து உட்காருவோம். கட்சிக்காரர்களும் வாருங்கள்.