யாராலும் ஒட்டுக்கேட்க முடியாத கைப்பேசியா?

 

சென்ற மாதம் லுஹர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு கைப்பேசியைக் காட்டினார். "ஹஜ்ரத், இதில் பேசினால் எந்த அரசாலும் ஒட்டுக்கேட்க முடியாது" என்றார். தமக்கையின் திருமணத்திற்கென வைத்திருந்த தொகையில் பாதி இதற்குப் போயிருந்தது. "விற்றவர் சொல்லைத் தவிர வேறு சான்று உண்டா?" என்று கேட்டேன். விடை இல்லை.

பிறருடைய அந்தரங்கத்தை உளவு பார்ப்பதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடை செய்கிறது. எனவே தம் பேச்சைக் காத்துக்கொள்ள நினைப்பது குற்றமன்று. ஆனால் இரகசியம் ஓர் அமானிதம். அதை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி என்ற நிறுவனம், செய்திகளை மறைமொழியாக்கும் கருவிகளை 120க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விற்றது. நடுநிலை நாட்டின் சரக்கென நம்பி ஈரான், லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, இந்தோனேசியா முதலிய அரசுகள் வாங்கின. 1970இல் அமெரிக்க சி.ஐ.ஏ.வும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் அந்நிறுவனத்தையே மறைமுகமாக வாங்கிவிட்டிருந்தன. இவ்வுண்மை 2020இல்தான் ஆவணங்களுடன் வெளிவந்தது. பூட்டு விற்றவனிடமே மறுசாவி! தம் இரகசியத்தைப் பறிகொடுப்பதற்கு அந்த அரசுகள் கையிலிருந்து பணமும் கட்டியிருக்கின்றன.

அண்மைக் காலத்திலும் இதுவே நடந்தது. "அனோம்" என்ற இரகசியக் கைப்பேசியைக் குற்றக் கும்பல்கள் நம்பி வாங்கின. அதை நடத்தியது அமெரிக்க எஃப்.பி.ஐ. 2021 ஜூனில் உண்மை வெளியானபோது 800க்கும் மேற்பட்டோர் கைதாகியிருந்தனர். அவர்களுக்காக நாம் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆயினும் ஏமாந்த விதம் ஒன்றுதான்.

விற்பவர் நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். கைப்பேசி தன் அடையாளத்தைக் கோபுரத்திற்கு அறிவித்தால்தான் அழைப்பு வந்து சேரும். பேசும் சொல்லை மறைக்கலாம். அது எங்கே இருந்தது, எந்த நேரத்தில் இயங்கியது என்பது தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் ஏறிவிடும்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அறிஞர் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே மறைமொழியை உடைக்கும் வழியை எழுதிவைத்தார். (நம் மதரஸாக்களில் அவரைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும்.) உடைக்க வல்லவர்கள் பலர் பலகாலம் முயன்றும் உடையாததே நல்ல பூட்டு. செய்முறையை அறிஞர் முன் வெளிப்படையாக வைப்பவரை ஓரளவு நம்பலாம். "எங்கள் முறையை எவருக்கும் காட்ட மாட்டோம், நம்புங்கள்" என்பவரை எதைக் கொண்டு நம்புவது?

கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும்படி அந்த இளைஞரிடம் கூறினேன். சென்ற ஜும்ஆவில் மீண்டும் சந்தித்தோம். விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதே இல்லையாம்.